நிலம் எண்ணாகும் வகை
புவியியல் தகவல் அமைப்புக்குத் தரவு ஊட்டும் கருவிகள்

நிலப்படம் என்றவுடன் தாளில் வரைந்து வண்ணந் தீட்டிய உருவமே பலருக்கும் நினைவுக்கு வரும். வகுப்பறைச் சுவரில் தொங்குவது அத்தகைய படமே. ஆனால் இன்று நில அலுவலகங்களிலும், வடிகால் துறையிலும், நகரமைப்புத் துறையிலும் பெரும்பாலும் கையாளப்படும் படம் தாளில் இல்லை; கணிப்பொறியினுள் எண்களாக உறைகின்றது. ஆற்றின் வளைவு, வீட்டு மனையின் எல்லை, குன்றின் உயரம், தெருவிளக்கின் இருப்பிடம் ஆகிய யாவும் அங்கு எண்களே. அவ்வெண்களை இடத்தோடு பிணைத்துச் சேமித்து வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒப்பிட்டுப் பார்த்து, கேட்ட வினாவுக்கு விடை கூறும் ஏற்பாட்டையே புவியியல் தகவல் அமைப்பு என்பர். ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு அதனை ஜி.ஐ.எஸ். என்று வழங்குவதும் உண்டு.

இவ்வமைப்பு எத்துணை விரைவாகக் கணக்கிட்டாலும், நிலத்தைத் தானே கண்டறியும் ஆற்றல் அதற்கு இல்லை. அதற்குக் கண்ணாகவும் கையாகவும் இருப்பவை வேறு கருவிகள். நில அளவை, வான்படம், செயற்கைக்கோள், ரேடார், லேசர் ஆகியவை ஊட்டும் எண்களைக் கொண்டே அது இயங்குகின்றது. ஊட்டிய எண் பிழைபட்டதாயின், அதன் விடையும் பிழைபடும். அப்பிழை அழகிய வண்ணப் படமாகவே திரையில் தோன்றுமாதலின், காண்போர் ஐயுறவும் மாட்டார். ஆகவே, ஒரு படத்தை நம்புமுன் அதற்கு எண் தந்த கருவி எது, அது எவ்வாறு அளக்கின்றது என்பவற்றை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

அமைப்பு தோன்றிய வரலாறு

1960-களின் தொடக்கத்தில் கனடா நாட்டின் ஒட்டாவா நகரிலிருந்த ஒரு வானளவை நிறுவனத்தில் ரோஜர் டாம்லின்சன் என்னும் புவியியலார் பணியாற்றினார். ஆப்பிரிக்காவிலுள்ள கென்யாவில் காடு வளர்ப்பதற்கு ஏற்ற நிலத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அந்நிறுவனத்துக்கு வந்தது. மண்ணின் தன்மை ஒரு படத்தில் இருந்தது. மழையளவு ஒரு படத்தில் இருந்தது. சரிவும் பாதையும் வேறு படங்களில் இருந்தன. இவற்றையெல்லாம் ஒளிபுகும் தாளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பொருந்தும் இடங்களைக் கையால் குறிப்பதாயின், செலவும் காலமும் தாங்கற்கரியன என்று கண்டனர். இவ்வேலையைக் கணிப்பொறி செய்யலாகாதா என்னும் எண்ணம் டாம்லின்சனுக்கு எழுந்தது.

அதே காலத்தில் கனடா அரசு தன் நாட்டு நிலங்களை உழவு, காடு, வனவிலங்கு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு ஏற்றவாறு வகைப்படுத்தும் பெரும்பணியைத் தொடங்கியிருந்தது. டாம்லின்சனின் திட்டம் அதற்குப் பயன்பட்டது. கனடா புவியியல் தகவல் அமைப்பு என்னும் பெயரில் உருவான அதுவே இத்துறையின் முதல் அமைப்பாகக் கருதப்படுகின்றது.

அங்கு எழுந்த முதல் இடர்ப்பாடு கணக்கிடுவதில் அன்று, ஊட்டுவதில். தாளில் உள்ள ஆயிரக்கணக்கான படங்களைக் கணிப்பொறியினுள் எவ்வாறு செலுத்துவது? இதற்கென ஐ.பி.எம். நிறுவனம் உருளை வடிவான கருவியொன்றைச் செய்தளித்தது. படத்தை உருளைமேல் சுற்றிச் சுழலவிட்டால், கோடு உள்ள இடமும் இல்லாத இடமும் புள்ளி புள்ளியாகப் பிரித்துணரப்பட்டு நாடாவில் பதிவாகும். பின்னர் அப்புள்ளிகளைக் கணிப்பொறி இணைத்துக் கோடாக்கும். அக்கோடு சூழ்ந்த நிலம் எத்தகையது என்னும் செய்தியைத் தனியே பதிந்து அதனோடு பிணைப்பர். வடிவமும் செய்தியும் இவ்வாறு இணைவதே இவ்வமைப்பின் உயிர்நிலை.

இன்றும் தரவு இரு வகையாகவே உள்ளே செல்கின்றது. நிலத்தைச் சிறு சிறு சதுரக் கட்டங்களாகப் பகுத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் தருவது ஒரு வகை; செயற்கைக்கோள் படம் இத்தகையது. இருப்பிடம் அறிந்த புள்ளிகளை வரிசையாக இணைத்துக் கோடும் எல்லையும் அமைப்பது மற்றொரு வகை. சாலையும் மனையும் இவ்வாறு அமைவன.

சங்கிலியும் கோணமானியும்

இருப்பிடம் அறிந்த புள்ளி என்று எளிதாகக் கூறிவிடலாம். அதனை அறிவதற்குப் பட்ட பாடு பெரிது. அப்பாட்டின் தலைசிறந்த சான்று தமிழ்நாட்டிலேயே உள்ளது.

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலப் படைத்துறையாளர் சென்னைப் பரங்கிமலையை ஒட்டி ஏழரை மைல் நீளமுள்ள நேர்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெயிலில் எஃகு நீளுமாதலால் வெப்பமானி வைத்துத் திருத்தம் கணக்கிட்டு, அக்கோட்டை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. இந்த ஓர் அடிக்கோட்டின் நீளம் ஐயமற விளங்கிவிட்டால், அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள மூன்றாம் புள்ளியை நோக்கிக் கோணம் மட்டும் அளந்தாற் போதும். மற்ற இரு பக்கங்களும் கணக்கினாலேயே கிடைக்கும். அப்பக்கங்கள் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணமாகப் பின்னிக்கொண்டே தெற்கே குமரிமுனை வரையிலும் வடக்கே இமயம் வரையிலும் அவ்வளவை சென்றது.

கோணம் அளந்த பெருங்கருவியாகிய தியோடலைட்டு ஏறத்தாழ அரை டன் எடையுடையது. சமவெளியில் உயரமான இடம் கிடைக்காதபோது கோயிற் கோபுரங்களின்மேல் அதனை ஏற்றினர். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. புதிய கருவி இங்கிலாந்திலிருந்து வர நெடுங்காலம் ஆகுமென்பதால், லாம்ப்டன் வாரக்கணக்கில் முயன்று தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார்.

லாம்ப்டன் 1823-இல் மறைந்தபின் ஜார்ஜ் எவரெஸ்டு பணியைத் தொடர்ந்தார். இவ்வளவையின் துணைகொண்டு அவர் 1830-இல் புவியின் வடிவத்தையும் அளவையும் கணித்து வெளியிட்டார். புவி சரியான உருண்டை அன்று. துருவங்களில் சற்றே தட்டையானது. எவரெஸ்டு கணித்த அவ்வடிவத்தின் திருத்திய பதிப்பே பிற்காலத்தில் மலாயாவின் நிலப்படங்களுக்கும் அடிப்படையாயிற்று. பகாங்கிலுள்ள கெர்தாவ் என்னுமிடத்தைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு 1948-இல் வகுத்த அளவை ஆதாரம் இவ்வடிவத்தின்மீதே நின்றது. பரங்கிமலை அடிவாரத்தில் தொடங்கிய அளவையின் பயன் மலாயாக் காடுகளின் படத்திலும் இருந்ததென்பது தமிழ் மக்கள் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

வானிலிருந்து காணும் கண்

தரையில் நடந்து அளப்பது நுட்பமானதே. எனினும் காலம் மிகவும் பிடிக்கும். வானூர்தி வந்தபின் நிலத்தை மேலிருந்து படமெடுத்து அளக்கும் முறை வளர்ந்தது. வானூர்தி நேர்கோட்டில் பறக்கையில், ஒவ்வொரு படமும் முந்திய படத்தின் பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தன்னுள் கொண்டிருக்குமாறு எடுப்பர். ஒரே மலை இரு படங்களில் இரு கோணத்தில் தெரியும். நம் இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளைக் கண்டு ஆழத்தை உணர்வது போல, இவ்விரு படங்களையும் இணைத்து நோக்கினால் மேடும் பள்ளமும் புடைத்துத் தோன்றும். அவற்றின் உயரத்தையும் கணக்கிடலாம்.

1972-ஆம் ஆண்டு சூலை மாதத்தில் அமெரிக்கா ஏவிய செயற்கைக்கோள், பின்னர் லாண்ட்சாட் எனப் பெயர் பெற்ற வரிசையில் முதலாவது. அதன் படத்தில் ஒரு கட்டம் தரையில் ஏறத்தாழ 80 மீட்டர் அளவினது. ஒரே இடத்துக்கு 18 நாட்களுக்கு ஒருமுறை அது திரும்பி வந்தது. பிற்காலத்து லாண்ட்சாட்டுகளில் கட்டம் 30 மீட்டராகச் சுருங்கியது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் இக்கோள்கள் பதிவு செய்தன. நலமான பச்சிலை அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். நீரோ அதனை விழுங்கிவிடும். எனவே எங்கே காடு, எங்கே வயல், எங்கே வெள்ளம் என்பதைக் கட்டத்தின் எண்ணைக் கொண்டே பிரித்தறியலாம். 2008-இல் இப்படங்கள் யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கலாயின. காடழிவை ஆண்டுதோறும் ஒப்பிட்டு அறியும் ஆராய்ச்சி அதன்பின் பெருகியது.

மலேசியா, சிங்கப்பூர் போன்ற நிலநடுக்கோட்டு நாடுகளில் இம்முறைக்கு ஒரு தடையுண்டு. அதுதான் மேகம். கதிரவன் ஒளியை நம்பியிருக்கும் படக்கருவி மேகத்தைத் துளைக்க மாட்டாது. வெள்ளம் சூழும் மழைக்காலத்தில், படம் மிகவும் தேவைப்படும் அந்நாட்களிலேயே அது கண்ணிழந்து நிற்கும். ரேடார் தானே நுண்ணலையை அனுப்பி அதன் எதிரொலியைப் பதிவு செய்வதாதலின், மேகமும் இரவும் அதற்குத் தடையல்ல. ஐரோப்பிய நாடுகள் 2014-இல் ஏவிய சென்டினல்-1ஏ இவ்வகையைச் சார்ந்தது. அமைதியான நீர்ப்பரப்பு ரேடார் அலையை வேறு திசைக்குச் சிதறடித்துவிடுமாகையால், வெள்ளம் நின்ற இடம் அப்படத்தில் கருமையாகத் தோன்றும்.

காலத்தால் இடமறிதல்

படம் கிடைத்தாலும், படத்திலுள்ள புள்ளி புவியில் எவ்விடத்தது என்று பொருத்தியாக வேண்டும். இப்பணியை இன்று பெரிதும் நிறைவேற்றுவது ஜி.பி.எஸ். எனப்படும் செயற்கைக்கோள் இடமறி முறையாகும். 1978-இல் இதன் முதற்கோள் ஏவப்பட்டது. 1995-இல் முறை முழுமை பெற்றது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு கோளிலும் அணுக் கடிகாரம் உண்டு. கோள் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் இடையறாது ஒலிபரப்பும். அவ்வலை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தரையிலுள்ள ஏற்பி கோளின் தொலைவைக் கணக்கிடும். மூன்று கோள்களின் தொலைவு இடத்தை வரையறுக்கும். ஏற்பியிலுள்ள மலிவான கடிகாரத்தின் பிழையைக் களைய நான்காவது கோளும் வேண்டும். நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும் என்பதை எண்ணினால் இதன் அருமை விளங்கும்.

2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்கான அலையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பியது. அதனால் ஏறத்தாழ 100 மீட்டர் வரை இடம் மாறித் தோன்றியது. அத்தடை நீங்கியபின் கைக்கருவியின் பிழை சில மீட்டர்களாகக் குறைந்தது. நில எல்லைக்கு அதுவும் போதாது. ஆகவே, இருப்பிடம் மிக நுட்பமாக அறிந்த நிலையங்களில் ஏற்பிகளை நிலையாக நிறுவி, அங்குத் தென்படும் பிழையைப் பிற ஏற்பிகளுக்கு உடனுக்குடன் அறிவித்துத் திருத்துகின்றனர். சிங்கப்பூரில் 2006 முதல் இயங்கும் சைரெண்ட் வலையமைப்பும், மலேசியாவின் மைஆர்டிகேநெட் வலையமைப்பும் இத்தகையன. இவற்றின் துணையால் ஒரு கல்லின் இடத்தைச் சில சென்டிமீட்டர் நுட்பத்தில் அறியலாம்.

ஒளியால் உயரம் அறிதல்

வானூர்தியிலிருந்து நொடிக்கு ஆயிரக்கணக்கான லேசர்க் கதிர்த் துடிப்புகளை நிலத்தின்மீது செலுத்தி, ஒவ்வொன்றும் திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு உயரம் அளக்கும் முறைக்கு லைடார் என்று பெயர். அடர்ந்த காட்டிலும் இலைகளின் இடைவெளி வழியே சில கதிர்கள் தரையைத் தொட்டு மீளும். முதலில் மீண்டவை மரத்தின் உச்சி; இறுதியில் மீண்டவை தரை. மரங்களுக்குரிய புள்ளிகளை நீக்கிவிட்டால், காட்டின் கீழுள்ள நிலம் திறந்துகிடப்பதுபோல் தோன்றும். 2012-இல் கம்போடியாவின் அங்கோர்ப் பகுதியில் ஹெலிகாப்டரிலிருந்து ஏறத்தாழ 370 சதுரக் கிலோமீட்டர் இவ்வாறு அளக்கப்பட்டது. தரையில் நடந்த ஆராய்ச்சியாளர் கண்களுக்குப் புலப்படாதிருந்த தெருக்களும் கால்வாய்களும் குளங்களும் காட்டின் கீழ் ஒழுங்கான நகரமாக வெளிப்பட்டன. 2014-இல் சிங்கப்பூர் நில ஆணையம் தீவு முழுவதையும் முப்பரிமாணப் படமாக்கும் பணிக்கு இம்முறையைக் கையாண்டது.

லைடார் செலவு மிக்கது. எல்லா நாடுகளாலும் அதனை மேற்கொள்ள இயலவில்லை. அத்தகைய நாடுகளுக்குப் பெருந்துணையாக நின்றது, 2000-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாட்கள் பறந்து ரேடாரால் எடுத்த உயர அளவை. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டின் உயரத்தை அது அளந்து தந்தது. அரிய சாதனையே, ஆனால் அதில் ஒரு நுணுக்கம் மறைந்திருந்தது. அந்த ரேடார் அலை மரத்தின் மேற்பகுதியிலும் வீட்டின் கூரையிலும் பட்டே பெரும்பாலும் மீண்டது. தரையின் உயரம் என்று பதிவான எண்ணில் மரமும் கூரையும் கலந்திருந்தன.

மலைநாட்டில் இரண்டு மீட்டர் பிழை பொருட்டன்று. கடலோரத் தாழ்நிலத்திலோ அவ்விரண்டு மீட்டரே மக்கள் வாழ்வதா பெயர்வதா என்பதைத் தீர்மானிக்கும். 2019-இல் ஸ்காட் கல்ப், பெஞ்சமின் ஸ்ட்ராஸ் என்னும் ஆய்வாளர் இருவர், லைடார் அளவைகளோடு ஒப்பிட்டு அப்பிழையைத் திருத்தி மீண்டும் கணக்கிட்டனர். கடலின் உயரேற்ற மட்டத்துக்குக் கீழுள்ள நிலத்தில் இன்று வாழ்வோர், பழைய எண்களின்படி 2 கோடியே 80 இலட்சம் பேர். திருத்திய எண்களின்படியோ 11 கோடிப் பேர். கடல் ஓர் அங்குலமும் உயரவில்லை. மக்கள் எவரும் இடம் மாறவும் இல்லை. ஊட்டிய எண் மாறியது. 8 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இடர்ப் பகுதிக்குள் வந்துவிட்டனர். பழைய படத்தை நம்பிக் கரை கட்டாமல் விட்ட இடத்தில் வெள்ளம் புகுந்தால், அதற்குப் பொறுப்பேற்பது கணிப்பொறி அன்று.

நிலமும் நகரும்

கருவி நுட்பமாக இருந்து, அளந்தவரும் பிழையின்றி அளந்தாலும், எண் காலப்போக்கில் தவறாகிவிடுவதுண்டு. இதற்கு மலேசியாவே சான்று.

முன்னர்க் கூறிய கெர்தாவ் ஆதாரத்தில் புவியின் நடுக்கோட்டு ஆரம், இன்று ஜி.பி.எஸ். கொள்ளும் அளவினும் 800 மீட்டருக்கு மேல் குறைவு. இரண்டிலும் புவிவடிவத்தின் மையமும் ஒன்றன்று. ஆதலால் ஒரே இடத்துக்கு இரண்டும் தரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் தரையில் 100 மீட்டருக்கு மேல் வேறுபடும். இரண்டும் தவறல்ல, அளந்த ஆதாரமே வேறு. பழைய தாட்படத்தில் கண்ட எண்ணை மாற்றாமல் புதிய கருவியில் இட்டுக் காட்டினுள் செல்பவர், தேடும் இடத்தைக் காணாமல் வேறிடத்தில் நிற்பார்.

இவ்வேற்றுமையை நீக்கக் கருதி, 2003-இல் மலேசியா செயற்கைக்கோள் முறைக்கு இசைந்த ஜி.டி.எம். 2000 என்னும் புதிய ஆதாரத்தை ஏற்றது. சிங்கப்பூர் 2004-இல் எஸ்.வி.ஒய். 21 என்னும் ஆதாரத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தது. மலேசியாவின் புதிய ஆதாரம் ஏற்பட்டு ஈராண்டு நிறைவதற்குள், 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் சுமத்திராக் கடலில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. ஆழிப்பேரலையின் கொடுமையை உலகம் அறியும். அன்று நிலமே இடம் பெயர்ந்ததென்பதைப் பலர் அறியார். தாய்லாந்தின் புக்கெட் ஏறத்தாழ 27 சென்டிமீட்டரும், லங்காவி ஏறத்தாழ 17 சென்டிமீட்டரும் மேற்றிசை நோக்கி நகர்ந்ததை நிலையான செயற்கைக்கோள் ஏற்பிகள் காட்டின. தெற்கே செல்லச் செல்ல நகர்ச்சி குறைந்தது. 2005-இலும் 2007-இலும் சுமத்திராவில் மேலும் நிலநடுக்கங்கள் நேர்ந்தன. எல்லா நிலையங்களும் ஒரே அளவில் நகராமையால், அவற்றினிடையேயான தொலைவும் மாறியது. முடிவில் 2009-இல் அந்த ஆதாரத்தையே திருத்தியமைத்தனர்.

ஊர் செல்லும் வழியை அறிய 17 சென்டிமீட்டர் பொருட்டன்று. இரு மனைகளின் எல்லை வழக்கிலும், இரு புறத்திலிருந்தும் குடைந்து வந்து நடுவில் சந்திக்க வேண்டிய சுரங்க வழியிலும் அது பொருட்டே. நிலநடுக்கம் இல்லாத ஆண்டுகளிலும் புவியின் ஓட்டுத் தகடு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கின்றது. எனவே இடத்தைக் கூறும் எண்ணோடு, அது எந்நாளில் அளந்தது என்னும் குறிப்பும் சேர்ந்தாலன்றி அவ்வெண் முழுமை பெறாது.

கேட்கவேண்டிய வினாக்கள்

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். சங்கிலி, தியோடலைட்டு, வான்படம், ரேடார், ஜி.பி.எஸ்., லைடார் ஆகிய ஒவ்வொன்றும் நிலத்தின் ஒரு கூறை மட்டுமே காண்கின்றது. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றது. பறக்கும் வானூர்தியின் இடத்தை ஜி.பி.எஸ். கூறாவிடில் லைடாரின் எண்ணுக்குப் பொருளில்லை. தரையில் அளந்த கல் இல்லாவிடில் செயற்கைக்கோள் படம் சரியாகப் பொருந்தியதா என்று சோதிக்க வழியில்லை. புதிய கருவி வந்ததால் பழைய நில அளவையாளரின் தொழில் ஒழிந்துவிட்டது என்று கருதுவது பொருந்தாது. அவர் ஊன்றிய கல்லே இன்றும் பிற கருவிகளைச் சோதிக்கும் உரைகல்லாக உள்ளது.

ஆகவே நிலப்படமொன்றைக் காணும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இவ்வெண்களை அளந்த கருவி எது, அது தரையைக் கண்டதா கூரையைக் கண்டதா என்பது முதல் வினா. எந்த ஆதாரத்திலிருந்து அளந்தனர் என்பது இரண்டாவது. எப்போது அளந்தனர் என்பது மூன்றாவது. நல்ல அமைப்புகளில் இவற்றுக்கான விடையும் தரவோடு சேர்த்தே பதிவு செய்யப்பட்டிருக்கும். தொலைபேசித் திரையிலேயே உலகப்படத்தைக் காணும் மாணவர் இம்மூன்று வினாக்களையும் கேட்கப் பழகிவிட்டால், படம் வரைவோரும் அவற்றுக்கு விடை கூறக் கடமைப்படுவர். புவியியல் பாடம் வேண்டுவது அப்பழக்கத்தையே.